கோலத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால்

உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ காது மெஷின் வைத்திருந்தால், அதன் பேட்டரியை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். மாத்திரை சைஸில் இருக்கும். ஒரு பக்கம் குட்டியாக ஒரு ஸ்டிக்கர். அதை உரித்தால்தான் பேட்டரிக்கு உயிரே வரும். உரித்த உடனே மெஷினில் போடாமல் ஒரு நிமிஷம் அப்படியே வெளியே வைக்கச் சொல்வார்கள். ஏன் தெரியுமா? ஸ்டிக்கருக்கு அடியில் ஊசி குத்தியது போல ஓட்டைகள் இருக்கின்றன. அது வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். அந்த பேட்டரியின் ஒரு மின்முனை துத்தநாகம். இன்னொரு பக்கம் வேலை செய்வது நாம் மூச்சு விடும் இதே காற்றில் உள்ள ஆக்சிஜன். அந்த ஆக்சிஜன் வந்து உட்கார்ந்து வினை புரிய ஒரு திண்ணை வேண்டுமே? அந்தத் திண்ணை, கரித்தூள். கூடவே கொஞ்சம் மாங்கனீசு ஆக்சைடு. இந்த மாங்கனீசை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வில்லனா வரும்.

ஆக்சிஜனைப் பார்த்தால் சாதுவாகத் தெரியும். ஆனால் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் அந்தப் பிணைப்பை உடைக்க மோலுக்கு 498 கிலோஜூல் வேண்டும். ஒரு மூலக்கூறுக்கு நான்கு எலெக்ட்ரான்களை ஊட்டினால்தான் அது தண்ணீராகவோ ஹைட்ராக்சைடாகவோ மாறும். இரண்டு எலெக்ட்ரானோடு நிறுத்திவிட்டால் கிடைப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. புத்தகத்தில் இதற்கு ஆக்சிஜன் ஒடுக்க வினை என்று பெயர். லேபில் எல்லோரும் ஓ.ஆர்.ஆர். என்றுதான் சொல்வோம்.

ஃப்யூயல் செல்லில் ஹைட்ரஜன் பக்கம் வேலை மளமளவென்று நடக்கும். ஆக்சிஜன் பக்கம்தான் டோல்கேட் மாதிரி எல்லாம் தேங்கி நிற்கும். கணக்குப்படி 1.23 வோல்ட் வர வேண்டும். நல்ல பிளாட்டினத்தையே போட்டாலும் ஆக்சிஜன் பக்கத்திலேயே சுமார் 0.3 வோல்ட் காணாமல் போய்விடுகிறது. 1965ல் ஜெமினி 5 விண்கலத்தில் போன ஃப்யூயல் செல்லிலும் பிளாட்டினம்தான், 2014ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் காரிலும் பிளாட்டினம்தான். ஐம்பது வருஷமாக நகைக்கடைச் சரக்கை நம்பித்தான் வண்டி ஓடுகிறது. அதற்குப் பதிலாகக் கரியை வைத்து ஓட்ட முடியுமா என்பதுதான் கேள்வி.

எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இதில்தான். கெமிக்கல் டிபார்ட்மென்ட், மூன்று பேர் டீம். ஒருத்தி பொள்ளாச்சிக்காரி. அவள் வீட்டில் தேங்காய்த் தொட்டிக்குப் பஞ்சமே இல்லை. அதனால் மூலப்பொருள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை, ஒரு சிமென்ட் சாக்கு நிறைய பஸ்ஸிலேயே வந்து இறங்கியது. இன்னொருத்தன் பெரம்பலூர்க்காரன். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். மூன்றாவது நான்.

சரி, கரி எப்படி வேலை செய்கிறது? இங்கேதான் எனக்கு முதல் ஆச்சரியம். கிராஃபீன் என்று எல்லோரும் கொண்டாடுகிறோமே, 2004ல் கெய்மும் நோவோசெலோவும் தனியாகப் பிரித்தெடுத்து 2010ல் நோபல் வாங்கிக் கொடுத்த அந்த ஒற்றை அணுத் தாள், அதைக் குறையே இல்லாமல் செய்து ஆக்சிஜன் முன்னால் நீட்டினால் கிட்டத்தட்ட ஒன்றும் நடக்காது. சுத்தமான கிராஃபீன் இந்த வேலைக்கு வேஸ்ட்.

அம்மா மார்கழியில் போடும் இடைப்புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்து இணைத்தால் அறுகோணமாகப் பரவும் அல்லவா, கிராஃபீன் அப்படித்தான். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கார்பன் அணு. பக்கத்துப் புள்ளிக்கு 0.142 நானோமீட்டர் தூரம். ஒவ்வொரு அணுவும் மூன்று பேரோடு பிணைந்திருக்கும். மிச்சமிருக்கும் ஒரு எலெக்ட்ரானைத் தாள் முழுவதுக்கும் பொதுவாக எழுதிக் கொடுத்துவிடும். அந்தப் பொது மேகத்தால்தான் கிராஃபீன் மின்சாரத்தை அவ்வளவு நன்றாகக் கடத்துகிறது. அதனாலேயேதான் ஆக்சிஜனுக்கு அது கதவைத் திறப்பதும் இல்லை. ஓர் ஆக்சிஜன் வந்து ஒரு கார்பனைப் பிடிக்க வேண்டுமென்றால், அந்தக் கார்பன் பொது மேகத்திலிருந்து தன் பங்கை உருவிக்கொண்டு வர வேண்டும். எல்லோருக்கும் நஷ்டம். யாரும் அசைய மாட்டார்கள்.

இப்போது கோலத்தில் ஒரு புள்ளியை அழித்துவிடுங்கள். சுற்றியிருந்த மூன்று அணுக்களுக்கு ஆளுக்கு ஒரு கை சும்மா தொங்கும். அதில் இருவர் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வார்கள். அங்கே ஓர் ஐங்கோணம் பிறக்கும், பக்கத்தில் ஒன்பது பக்கமுள்ள ஒரு பெரிய வளையம், மூன்றாமவரின் கை இன்னும் அந்தரத்தில். இரண்டு புள்ளிகள் சேர்ந்து போனால் தொங்கும் கையே இருக்காது. ஐங்கோணம், எண்கோணம், ஐங்கோணம் என்று சமாதானமாகிவிடும். இன்னும் விசித்திரம், ஒரு புள்ளியைக்கூட அழிக்காமலேயே குறை வரலாம். ஒரே ஒரு பிணைப்பைத் தொண்ணூறு டிகிரி திருப்பினால் நான்கு அறுகோணங்கள் இரண்டு ஐங்கோணமும் இரண்டு எழுகோணமுமாக மாறிவிடும். ஸ்டோன், வேல்ஸ் என்ற இருவர் 1986ல் எழுதியதால் அதற்கு அவர்கள் பெயர். அப்புறம் ஓரம் என்பதே ஒரு குறைதான். கோலம் எங்கோ முடிந்துதானே ஆக வேண்டும், அந்தக் கடைசி வரிசைக்கு மூன்றாவது பக்கத்து வீட்டுக்காரர் கிடையாது.

இந்த இடங்களில் எலெக்ட்ரான் மேகம் சமமாகப் பரவி இருக்காது. சில அணுக்கள் மேல் கொஞ்சம் குவியும், சிலவற்றில் வற்றும். அந்த மேடு பள்ளத்தில்தான் ஆக்சிஜனுக்குப் பிடிமானம் கிடைக்கிறது.

ஆனால் பிடிமானம் மட்டும் போதாது. டவுன் பஸ்ஸில் தினமும் வருபவர்களுக்கு இது புரியும். ஏறுபவர் ஏற வேண்டும், இறங்குபவர் இறங்க வேண்டும். ஏறவே முடியாத பஸ்ஸும் பிரயோஜனமில்லை, ஏறியவர் படியிலேயே நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றாலும் பிரயோஜனமில்லை. ஆக்சிஜன் கார்பன் மேல் உட்கார்ந்து, ஹைட்ரஜன் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, பிளந்து, கடைசியில் ஹைட்ராக்சைடாகக் கழன்று போக வேண்டும். பிடி ரொம்ப லூஸாகவும் கூடாது, ரொம்ப டைட்டாகவும் கூடாது. சபாட்டியே சொன்ன இந்த விஷயத்தை நாம் எல்லோரும் ஒரு செமஸ்டருக்கு மனப்பாடம் செய்து மறந்திருப்போம். பிளாட்டினம்கூட ஆக்சிஜனைக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிப் பிடிக்கிறது. முன்னால் சொன்ன அந்த அந்தரத்தில் தொங்கும் கை இருக்கிறதே, அது பிடித்தால் விடவே விடாது. ஆக அதுவும் குறைதான், ஆனால் உபயோகமில்லாத குறை.

இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த ப்ராஜெக்டைப் பற்றி யாரிடம் சொன்னாலும் உடனே, "அட, குறைதான் பலம்னு சயின்ஸே சொல்லுதே" என்று ஸ்டேட்டஸ் போடக் கிளம்பிவிடுகிறார்கள். சயின்ஸ் அப்படிச் சொல்லவில்லை மக்களே. சில குறை உதவுகிறது, சில குறை கெடுக்கிறது, பல குறைகள் சும்மா இருக்கின்றன. அளவுக்கு மீறிக் குறை சேர்ந்தால் மின்சாரம் பாயும் பாதையே அறுந்து, வெறும் அடுப்புக்கரி ஆகிவிடும். எந்தக் குறை, எங்கே, எவ்வளவு என்பதுதான் மொத்த விஷயமும்.

இதற்கு ஆதாரம் கேட்டால், எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2014ல் சீனாவின் ஹூனான் பல்கலைக்கழகத்தில் செய்தது. ரொம்ப சிம்பிள். அடுக்குகள் ஒழுங்காக அமைந்த ஒரு கிராஃபைட் துண்டை எடுத்துக்கொண்டார்கள். அதன் மேல் ஒரு குட்டித் துளி மின்பகுளி. அந்தத் துளிதான் சோதனைக் கலம், அவ்வளவே. துளியைத் தட்டையான தாள் பரப்பின் மேல் வைத்து ஓ.ஆர்.ஆர். அளந்தார்கள். பிறகு அதே கிராஃபைட்டின் ஓரத்தின் மேல் வைத்து அளந்தார்கள். ஓரம் தெளிவாக ஜெயித்தது. அதே பொருள், அதே துளி, வேறெதையும் கலக்கவில்லை. இடம் மட்டும்தான் வேறு. லட்சக்கணக்கில் கருவி இருந்தால்தான் ஆராய்ச்சி என்று யாராவது சொன்னால் இந்தப் பேப்பரை அவர்களுக்கு அனுப்புங்கள்.

இதற்கு முன்னால் உலகமே நைட்ரஜன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. 2009ல் லிமிங் டாய் குழு நைட்ரஜன் கலந்த நானோகுழாய்களை வரிசையாக நட்டு, காரக் கரைசலில் அவை பிளாட்டினத்துக்கு ஈடுகொடுப்பதை சயின்ஸ் இதழில் காட்டியது. உடனே நைட்ரஜன், போரான், பாஸ்பரஸ், கந்தகம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கார்பனில் கலக்க ஆரம்பித்தார்கள். அப்போது ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் ஷியாங்டாங் யாவோ குழு எதிர்த்திசையில் போனது. நைட்ரஜனைக் கலந்தார்கள். பிறகு நன்றாகச் சூடாக்கி அதே நைட்ரஜனைத் துரத்திவிட்டார்கள். நைட்ரஜன் எழுந்துபோன இடத்தில் ஓட்டை, அதைச் சுற்றி ஐங்கோணங்களும் எழுகோணங்களும். வேலை குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையவில்லை, கூடியது. 2016ல் வந்த பேப்பர் அது. அதற்கு முந்தைய வருஷம் நான்ஜிங் பல்கலைக்கழகத்தில், எதையும் கலக்காத வெறும் கார்பன் நானோகூண்டுகளே நன்றாக வேலை செய்வதைக் காட்டியிருந்தார்கள். அவர்களின் கணக்கீடு கை காட்டியது ஐங்கோணங்களையும் ரம்பப்பல் போன்ற ஓரங்களையும்.

கூண்டு என்றால் ஏன் ஐங்கோணம் என்று ஒரு சின்ன இடைச்செருகல். அறுகோணங்களை மட்டும் வைத்து எவ்வளவு முயன்றாலும் ஒரு பந்தை மூட முடியாது, அவை தட்டையாகவே ஓடும். ஐங்கோணங்களையும் அறுகோணங்களையும் சேர்த்து மூடினால் சரியாகப் பன்னிரண்டு ஐங்கோணம் வேண்டும். பழைய கறுப்பு வெள்ளை ஃபுட்பாலில் கறுப்புப் பட்டைகளை எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டு இருக்கும். 1985ல் கண்டுபிடித்த அறுபது கார்பன் பந்திலும் அதே பன்னிரண்டு. கார்பன் எங்கெல்லாம் வளைந்து மூடுகிறதோ அங்கெல்லாம் ஐங்கோணம் ஒளிந்திருக்கிறது.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். சண்டை இன்னும் முடியவில்லை. 2016லேயே ஜப்பானின் ட்சுகுபா பல்கலைக்கழகத்தில் நகமுரா குழு, மாதிரி கிராஃபைட் பரப்புகளைக் கவனமாகச் செய்து, அமிலத்தில் வேலை செய்வது பிரிடினிக் வகை நைட்ரஜனுக்குப் பக்கத்தில் இருக்கும் கார்பன்தான் என்றது. 2019ல் யாவோ தரப்பு, நைட்ரஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலத்தில் முக்கிய வேலைக்காரன் ஐங்கோணம்தான் என்றது. இரண்டும் பெரிய இதழ்கள், இரண்டும் கிராஃபைட் மேல் செய்தவை. நைட்ரஜனைச் சேர்க்கும்போதே ஓட்டையும் விழுகிறது, ஓட்டை போடும்போது ஓரத்தில் ஆக்சிஜனும் ஒட்டிக்கொள்கிறது. ஒன்றைத் தனியாக மாற்றிப் பார்க்கக் கார்பன் விடுவதில்லை. எனக்கு ஐங்கோணத்தின் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு, ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் கட்ட மாட்டேன்.

இன்னொரு தொல்லை, விளைவே மாறிப்போவது. 2018ல் ஸ்டான்ஃபோர்டில் நானோகுழாய்களை ஆக்சிஜனேற்றம் செய்து ஓரங்களிலும் குறைகளிலும் ஆக்சிஜன் தொகுதிகளை உட்கார வைத்தார்கள். வினை வேகம் கூடியது, ஆனால் வந்தது பெராக்சைடு. பெராக்சைடு தயாரிக்க நினைப்பவருக்கு அது லாட்டரி. ஃப்யூயல் செல் கட்டுபவருக்கு அதுவே தலைவலி, ஏனென்றால் அது சவ்வை அரிக்கும்.

இப்போது வில்லன். கிராஃபீன் ஆக்சைடு செய்யப் பெரும்பாலும் ஹம்மர்ஸ் முறையைத்தான் பின்பற்றுவோம். அதில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் சேர்ப்போம். பெர்மாங்கனேட் என்றால் மாங்கனீசு. எவ்வளவு கழுவினாலும் துளியூண்டு மிஞ்சும். 2013ல் மார்ட்டின் புமேராவின் குழு, 'உலோகமே இல்லாதது' என்று சொல்லிக்கொள்ளும் நைட்ரஜன் கிராஃபீனில் ஓ.ஆர்.ஆர். நடப்பதற்கு அந்த மிச்ச மாங்கனீசே காரணமாக இருக்கிறது என்று காட்டியது. காது மெஷின் பேட்டரியில் வேண்டுமென்றே போடும் அதே சரக்கு, இங்கே திருட்டுத்தனமாக உள்ளே வந்து நல்ல பேர் வாங்குகிறது!

அதே புமேராவும் கூட்டாளிகளும் 2020ல் செய்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். எதைக் கலந்தாலும் 'வினையூக்கம் கூடியது' என்று பேப்பர் வந்துகொண்டே இருக்கிறதே என்று கடுப்பாகி, கிராஃபீனில் பறவை எச்சத்தைக் கலந்து சூடாக்கினார்கள். எச்சத்தில் நைட்ரஜன், பாஸ்பரஸ், கந்தகம் எல்லாம் ஒரே பேக்கேஜில் இருக்கின்றன. வினையூக்கம் கூடியது! அதை ஏசிஎஸ் நானோ இதழில் சீரியஸான வரைபடங்களோடு வெளியிட்டார்கள். முதல்முறை படித்தபோது லேபில் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி. இரண்டாம்முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அப்போது எங்கள் சொந்த வளைவு ஸ்க்ரீனில் இருந்தது.

எங்கள் முறை இதுதான். தொட்டிக்கரியை ஏற்கெனவே பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு சூடாக்கித் துளைகள் உண்டாக்கி, நன்றாகக் கழுவி வைத்திருந்தோம். இனி குறைகளையும் ஓரங்களையும் கூட்ட வேண்டும். கிராஃபீனிலிருந்து ஓர் அணுவைப் பிடுங்க ஏழு எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆகும், அது தானாக நடக்கிற காரியமில்லை. பிளாஸ்மா வசதி எங்களுக்குக் கிடையாது. ஆகவே பால் மில். ஆவின் பூத் ஞாபகம் வந்தால் மன்னிக்கவும், இது குண்டு போட்டு அரைக்கும் மில். மூடிய ஜாருக்குள் குண்டுகளும் கரியும், சுற்றுகிற சுற்றில் குண்டு மோதி மோதிக் கரியின் அடுக்குகள் உடையும்.

டிபார்ட்மென்டில் இருந்தது எஃகு ஜார், எஃகு குண்டு. எஃகு என்றால் இரும்பு. இரும்பும் நைட்ரஜனும் கார்பனில் சேர்ந்தால் கிடைப்பது, பிளாட்டினம் இல்லாத ஓ.ஆர்.ஆர். வினையூக்கிகளிலேயே முன்வரிசையில் நிற்கும் ஆசாமி. எங்கள் கரியில் நைட்ரஜனும் கொஞ்சம் இருந்தது. அதனால் தொடங்கும்போதே கைடு மேடம் ஒன்று சொல்லிவிட்டார். "எஃகுல ஒண்ணு அரைங்க, ஜிர்கோனியால ஒண்ணு அரைங்க. ரெண்டும் இல்லாம எங்கிட்ட வராதீங்க." ஜிர்கோனியா ஜார் செராமிக் லேபிலிருந்து இரவல் வந்தது. ஆக நான்கு மாதிரிகள். அரைக்காதது, எஃகில் அரைத்தது, ஜிர்கோனியாவில் அரைத்தது, எஃகில் அரைத்துப் பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவியது.

மையைத் தயாரித்து, மின்முனையின் நுனியில் சில மைக்ரோலிட்டர் சொட்டி, காயவைத்து, ஆக்சிஜன் நிரப்பிய காரக் கரைசலில் நிமிஷத்துக்கு 1600 சுற்றில் ஓட்டினோம். இந்த வரைபடத்தில் வளைவு வலது பக்கம் நகர்ந்தால் நல்லது. அரைக்காதது இடது கோடியில் படுத்துக் கிடந்தது. எஃகு அட்டகாசமாக வலது பக்கம் பாய்ந்தது. ஜிர்கோனியா நடுவில். அமிலத்தில் கழுவிய எஃகு கொஞ்சம் பின்வாங்கியது, ஆனால் ஜிர்கோனியாவைத் தொடும் அளவுக்கு இல்லை.

இதை எப்படி வாசிப்பீர்கள்? ஜிர்கோனியாவுக்கும் அரைக்காததுக்கும் உள்ள தூரத்தைக் குறைபாட்டின் கணக்கில் எழுதலாம், அதுவும் ஓரளவு நம்பிக்கையோடு மட்டும். எஃகுக்கும் ஜிர்கோனியாவுக்கும் உள்ள தூரத்தை இரும்பின் கணக்கில் எழுதத்தான் வேண்டும். அமிலம் வெளியே ஒட்டியிருக்கும் இரும்பைக் கரைக்கும். நைட்ரஜனோடு கார்பனுக்குள் பிணைந்துவிட்ட இரும்பை அவ்வளவு எளிதில் கரைக்காது. வெளியே ஓர் ஆய்வகத்தில் காசு கட்டிப் பார்த்ததில் கழுவிய மாதிரியிலும் இரும்பு இருந்தது.

இந்த இடத்தில் பெரம்பலூர்க்காரன். அவன் வெளிநாட்டில் மாஸ்டர்ஸுக்கு அப்ளை செய்துகொண்டிருந்தான். ஒரு கான்ஃபரன்ஸ் பேப்பர் இருந்தால் அவன் அப்ளிகேஷன் கனமாகும். அப்பா லாரி டிரைவர், ஸ்காலர்ஷிப் இல்லாமல் அவன் ஏர்போர்ட் வாசலைக்கூடப் பார்க்க முடியாது. சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை இரவு. வியாழக்கிழமை டீக்கடையில் அவன் தலைப்பைப் படித்துக் காட்டினான். 'தேங்காய்த் தொட்டியிலிருந்து உலோகமற்ற, குறைபாடு மிகுந்த கார்பன்'. வரைபடம், எஃகு வளைவு. அமிலத்தில் கழுவியாச்சு என்று ஒரு வரி.

"மச்சி, எல்லாரும் இப்படித்தான் போடறாங்க. அமிலத்துல கழுவினேன்னு எழுதிட்டா ரிவ்யூவர் ஒண்ணும் கேக்க மாட்டான்."

பொள்ளாச்சிக்காரி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "கேக்க மாட்டான்டா. அதுக்காக இரும்பு போயிடுச்சா?" என்றாள்.

"ஜிர்கோனியா வளைவைப் போட்டா யார் பாப்பா? சுமாரா இருக்கு."

"சுமார்தான். ஆனா அது நம்மது."

அவன் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மொபைலைப் பார்த்தபடியே, "உங்களுக்கென்ன, ரெண்டு பேரும் ப்ளேஸ் ஆயிட்டீங்க" என்றான். அதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. உண்மைதான், எங்களுக்கு அந்த வரியால் ஒரு நஷ்டமும் இல்லை. நேர்மையாக இருப்பது யாருக்கு எவ்வளவு செலவு என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

மேடத்திடம் கேட்டோம். அவர் முடிவு சொல்லவில்லை. ராமன் டேட்டாவை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

ராமன் என்றால் நம்ம திருச்சியில் பிறந்த சி.வி.ராமன்தான். 1928ல் அவர் கண்டுபிடித்த ஒளிச்சிதறல் இன்றைக்குக் கார்பன் ஆராய்ச்சியின் ஸ்டெதஸ்கோப். கார்பனின் ராமன் வரைபடத்தில் இரண்டு முக்கியச் சிகரங்கள். 1580 அலைஎண் பக்கம் வருவது ஜி, ஒழுங்கான கிராஃபைட்டுக்கும் வரும். 1350 பக்கம் வருவது டி, குறை இருந்தால்தான் எட்டிப் பார்க்கும். டியை ஜியால் வகுத்து, எண் கூடினால் குறை கூடியது என்று எழுதிவிடுவோம். மேடம் எஃகு, ஜிர்கோனியா இரண்டின் வரைபடத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கிட்டத்தட்ட ஒரே உருவம்.

"குறைபாடு ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான்னு இது சொல்லுது. அப்ப ஓ.ஆர்.ஆர். வித்தியாசத்துக்கு நீங்க குறைபாட்டக் காரணம் சொல்ல முடியாது. அதுலயும் இது எந்தக் குறைன்னு சொல்லல. ஐங்கோணமா, ஓரமா, ஓட்டையா, தெரியாது." பிறகு பெரம்பலூர்க்காரனைப் பார்த்து, "இன்டர்வியூல இதைக் கேட்டா என்னப்பா சொல்லுவ?" என்றார். திட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்.

அன்று இரவு 11.40க்கு ஹாஸ்டல் வைஃபையில் வரைபடத்தை அவனேதான் திரும்ப வரைந்தான். ஜிர்கோனியா அடர் நீலத்தில், எஃகு சாம்பல் நிறத்தில், பக்கத்தில் 'இரும்புக் கலப்புடன்' என்று. தலைப்பிலிருந்து 'உலோகமற்ற' என்ற சொல் போனது. 'எஃகு, ஜிர்கோனியா அரைப்பில் குறைபாட்டின் பங்கைப் பிரித்தறிதல்' என்று ஒரு நீளமான, யாரையும் கவராத தலைப்பு வந்தது. வாய்மொழி உரைக்கு எடுக்கவில்லை, போஸ்டருக்கு எடுத்தார்கள். போஸ்டர் முன்னால் ஒரு பேராசிரியர் இருபது நிமிஷம் நின்று அந்தச் சாம்பல் வளைவைப் பற்றியே கேட்டார். பதில் சொன்னது பெரம்பலூர்க்காரன். அவனுக்கு இன்னும் எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்தும் மெயில் வரவில்லை. தினமும் ஸ்பாம் ஃபோல்டரைக்கூடத் திறந்து பார்க்கிறான்.

மிச்சம் இருக்கும் வேலை ஒன்று உண்டு, என் கணக்கில் அதுதான் பெரிய வேலை. ஆக்சிஜன் பிடிக்கும் அதே இடத்தில்தான் கார்பனின் அரிப்பும் தொடங்குகிறது. சமன்பாட்டின்படி கார்பன் 0.21 வோல்ட்டுக்கு மேலேயே கார்பன் டை ஆக்சைடாக மாறத் தயார். மெதுவாக நடப்பதால் பிழைத்துக் கிடக்கிறோம். ஆனால் துத்தநாகக் காற்று பேட்டரியைத் திரும்ப சார்ஜ் செய்ய நினைத்தால் மின்னழுத்தம் மேலே ஏறும். அப்போது முதலில் கரைவது ஓரமும் ஓட்டையும், அதாவது வேலை செய்யும் இடமே. முதல் நாள் வளைவைக் காட்டும் பேப்பர்கள் நிறைய, நூறாவது சார்ஜுக்குப் பிறகான வளைவைக் காட்டுபவை குறைவு. எங்களுக்கு செமஸ்டர் முடிந்துவிட்டது, அந்தச் சோதனை செய்யவில்லை.

தேர்ட் இயரில் யாருக்காவது ஆர்வம் இருந்தால் லேபுக்கு வாருங்கள். டெசிகேட்டரில் இடது பக்கம் மூன்று வயல் இருக்கின்றன, லேபிளில் 'ஜி' என்று எழுதியவை ஜிர்கோனியா. தொட்டிக்கரி இன்னும் அரைச் சாக்கு மிச்சம். ஜிர்கோனியா ஜாரை மட்டும் நன்றாகக் கழுவி வையுங்கள், செராமிக் லேப் அண்ணன் தினமும் கேட்டுட்டே இருக்கார்.